மரகதத்துக்கு எந்த ஊர்?

கல்லுக்கு வாய் கிடையாது என்று யார் சொன்னது? கேட்க வேண்டிய ஆள் கேட்டால், அது தன் ஊர், தன் மண், தன் அண்டை அயல் அத்தனையையும் கக்கிவிடும். என்ன, கேட்பதற்கு ஓர் அறை நிறைய மெஷின் வேண்டும், அதை ஓட்ட லேசரம்மா மாதிரி ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான்.

லேசரம்மா என்பது ஆபீஸில் வைத்த பெயர். ரத்தினக் கற்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வுக்கூடத்தின் மூன்றாவது மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறை ஒன்று இருக்கிறது. அதுதான் அவள் ராஜ்ஜியம். மரகதங்களுக்கு ஊர் கண்டுபிடிப்பது அவள் வேலை. வந்த கல் எந்தச் சுரங்கத்தில் பிறந்தது என்று சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் கல்லுக்கு மதிப்பு, மரியாதை, சில சமயம் கோர்ட்டு கேஸ்கூட.

இதில் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. மரகதம் என்பது பெரில் என்கிற கனிமம். சுத்தமான பெரிலுக்கு நிறமே கிடையாது. துளி குரோமியமோ வனேடியமோ உள்ளே புகுந்துகொண்டால்தான் அந்தப் பச்சை வரும். அதுவும் தனியாகப் புகுவதில்லை. கல் வளர்ந்த பாறையில் இருந்த இரும்பு, லித்தியம், சீசியம், பொட்டாசியம் எல்லாம் அழைக்காத விருந்தாளிகளாகக் கூடவே கொஞ்சம் கொஞ்சம் நுழைந்துவிடும். சுரங்கத்துக்குச் சுரங்கம் இந்தக் கலவை மாறும். ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பழகியவனுக்கு வேறு கிணற்றுத் தண்ணீர் நாக்கில் பட்டதுமே தெரிந்துவிடுகிறதே, அதே கதைதான். லேசரம்மாவின் மெஷின் கல்லின் மேல் முடியின் அகலம்கூட இல்லாத ஒரு பள்ளத்தை லேசரால் போடும். அதிலிருந்து கிளம்பும் தூசியைத் தகதகவென்று கொதிக்கும் வாயுவுக்குள் அனுப்பி, எந்தத் தனிமம் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும். அந்த எண்களை வரைபடத்தில் புள்ளியாக வைத்தால், ஒவ்வொரு சுரங்கத்துக் கல்லும் தன் கூட்டத்தோடு போய் உட்கார்ந்துகொள்ளும்.

எதிர் அறையில் இருப்பவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மைக்ராஸ்கோப்காரர். அவருக்கு மெஷின் என்றாலே ஆகாது. கல்லுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கும் நீர்க்குமிழி, நுண்ணிய ஊசி, காக்காப்பொன் என்கிற மைக்காச் செதில் இவற்றைப் பார்த்தே ஊர் சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு அதெல்லாம் அழுக்கு. அவருக்கு அதைப் பார்த்தால்தான் சோறு இறங்கும்.

“உங்க மெஷின் கல்லைச் சுட்டுப் பொசுக்கி விசாரிக்குது, லேசரம்மா. நான் அன்பாக் கேக்கறேன், அதுவே சொல்லிடுது,” என்பார் அவர்.

“நீங்க கொஞ்சிக்கிட்டே இருங்க சார். கண்ணு ஏமாத்தும், எண் ஏமாத்தாது,” என்பாள் இவள்.

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ் வெளியே போகும். அதனால் சண்டை போட்டுக்கொண்டே ஒற்றுமையாக இருந்தார்கள்.

அன்று காலை டைரக்டர் அரக்கு முத்திரை உடைத்திருந்த ஒரு பொட்டலத்தோடு வந்தார். அவர் நடக்கிற வேகத்திலேயே விவகாரம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

“சுரங்கத் துறை அனுப்பியிருக்கு,” என்றார். “ஒருத்தர் லைசென்ஸ் வாங்கி ஒரு மலையடிவாரத்துல குழி தோண்டியிருக்கார். மரகதம் கிடைச்சிருக்குன்னு சொல்றார். அந்தப் பக்கத்துல மரகதம் இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பாறையோட ஒட்டிக்கிட்டு ஒண்ணுகூட வரலை, எல்லாம் மண்ணுல உதிரியா கிடைச்சதுதான். காக்காப்பொன் சுரங்கத்துக் கல்லைச் சந்தையில வாங்கிப் புதைச்சு வெச்சு, தானே தோண்டி எடுத்துக் காட்டி, கூட்டாளிகளை ஏமாத்துறார்னு துறைக்குச் சந்தேகம்.”

காக்காப்பொன் சுரங்கம் என்பது எங்கேயோ தூர தேசத்தில் இருக்கும் பழைய சுரங்கம். அங்கே காக்காப்பொன் மினுக்கும் பாறையில் மரகதம் விளைவதால் ஆய்வுக்கூடத்தில் அதற்கு இப்படி ஒரு செல்லப் பெயர். அந்தக் கல் எந்தச் சந்தையிலும் கிடைக்கும்.

கூடவே வந்த பூதக்கண்ணாடி கற்களை ஏற்கெனவே பார்த்துவிட்டார். உதட்டைப் பிதுக்கினார். “நிறமும் அதே மாதிரி. உள்ளே காக்காப்பொன் செதிலும் அதே மாதிரி. ஆனா அந்தச் செதில் இன்னும் பல பாறையில வரும். என் கண்ணை வெச்சு எதையும் தீர்த்துச் சொல்ல முடியலை.”

“அப்போ மெஷின்தான் சொல்லணும்,” என்றார் டைரக்டர். “காக்காப்பொன் சுரங்கம்னு வந்தா இன்னிக்கே குழிக்குச் சீல், ஆள் மேல மோசடி கேஸ். அதிகாரி வெளியிலயே உக்காந்திருக்கார். அந்த ஆளும் கூடவே இருக்கார்.”

லேசரம்மா எட்டிப் பார்த்தாள். வரவேற்பறை நாற்காலியின் ஓரத்தில், செம்மண் ஒட்டிய செருப்போடு, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

“சார்,” என்றாள். “அது என் தம்பி.”

டைரக்டர் அவளைப் பார்த்தார், வரவேற்பறையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். “நல்ல வேளை, இப்பவே சொன்னீங்க. கையெழுத்து ஆகிற வரைக்கும் நீங்க மெஷின் ரூமுக்குள்ள காலை வைக்கக் கூடாது. அந்தக் கல்லைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்புறம் அக்கா தம்பிக்கு எழுதிக் குடுத்துட்டான்னு ஆயிடும், அந்தச் சான்றிதழை யாரும் மதிக்க மாட்டாங்க.”

“சரி சார். மெஷினை யார் ஓட்டுவா?”

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. மெஷின் வாங்கிய புதிதில் பயிற்சிக்குப் போய், பாதி வகுப்பில் தூங்கி வழிந்த ஆள் அங்கே ஒருவர்தான் இருந்தார்.

“நானா?” என்றார் பூதக்கண்ணாடி. “விளையாடாதீங்க சார்!”

விளையாட்டு இல்லை. சற்று நேரத்தில் அவர் அவளுடைய ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் அவனுக்குத் தோண்டி என்றே பெயர். தவழ்கிற வயதிலிருந்தே எதையாவது தோண்டிக்கொண்டிருப்பான். அது போகட்டும், குழந்தைகள் செய்கிறதுதான். தொல்லை என்னவென்றால், வாயைத் திறந்தால் எட்டை எண்பதாக்குவான். வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் ஊற்று கிடைத்துவிட்டது என்று தெருவையே கூட்டினான். பார்த்தால் பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. வளர்ந்தபின் தங்கம் கிடைத்துவிட்டது என்று ஒரு மூட்டைக் கல்லோடு வந்து நின்றான். அக்காதான் சோதித்தாள், வெறும் இரும்பும் கந்தகமும். கோபமே வராது அவனுக்கு. ‘அடுத்த தடவை பாரு’ என்று சிரித்துக்கொண்டே போய்விடுவான். அக்காவுக்கு அவன் மேல் உயிர். ஆனால் அவன் சொல்கிற எதையும் பாதியாக வெட்டித்தான் கேட்பாள், அந்தப் பாதியையும் சலித்துத்தான் எடுப்பாள்.

லேசரம்மா கூடத்தில் நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் சமையலறையில் வேறொருவர் சமைப்பதைப் பார்க்கிற மாதிரி உடம்பெல்லாம் நமைச்சல். பூதக்கண்ணாடி கற்களை ஆல்கஹாலால் துடைத்தார், நன்றாகவே துடைத்தார். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்த்து, உள்ளே பார்க்க ஜன்னல் வைத்த பச்சைப் படிகங்கள் அவை. ஒன்றைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். கல்லின் முகம் திரையில் பெரிதாக வந்து நின்றதும் அவர் முகம் மலர்ந்துபோனது. எங்கே லேசர் பாய வேண்டுமோ அங்கே குறி வைக்க வேண்டும். மனுஷர் ரசித்து ரசித்துக் குறி வைத்தார். இவ்வளவு சந்தோஷப்பட அதில் என்ன இருக்கிறது என்று லேசரம்மாவுக்குப் புரியவில்லை.

மெஷின் ஓடி முடிந்தது. பூதக்கண்ணாடி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். “பேசிடுச்சு சார்! எனக்கும் பேசிடுச்சு! அடேயப்பா, என்னமா எண்ணுது!” என்றவர், லேசரம்மாவைப் பார்த்ததும் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். முடிவுகள் வரும்போது எல்லாரும் பார்ப்பதற்காகக் கூடத்துச் சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. அதில் வரைபடம் விரிந்தது. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு நிறம். புள்ளிக் கூட்டங்கள் அங்கங்கே. தம்பியின் கல் கறுப்புப் புள்ளிகளாக விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் இறங்கியது காக்காப்பொன் சுரங்கத்தின் கூட்டத்துக்குள்.

“மன்னிச்சுக்கோங்க லேசரம்மா,” என்றார் பூதக்கண்ணாடி. அவர் கண்ணில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. “நீங்கதானே சொல்வீங்க, எண் ஏமாத்தாதுன்னு.”

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். எரிமலைக் கோபம். படவா, கடைசியில் இங்கேயும் வந்து உன் வேலையைக் காட்டிவிட்டாயா? அதுவும் என் ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுவந்து? விடுவிடுவென்று வரவேற்பறைக்குப் போனாள். அதிகாரி ஒரு மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தம்பி எழுந்து நின்றான்.

“என்னக்கா, ஆயிடுச்சா?”

முடிவைச் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து மாடிப்படி பக்கம் இழுத்துக்கொண்டு போய், பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“என் கண்ணைப் பாத்துச் சொல்லுடா. நீ புதைச்சியா?”

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. அதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அந்த ஆபீசர் கேட்டார், பதில் சொன்னேன். கூட்டாளிங்க கேட்டாங்க, அவங்களுக்கும் சொன்னேன்,” என்றான். “உனக்குச் சொல்ல மாட்டேன்கா.”

கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

“எங்கேங்க போறார் அவர்?” என்று அதிகாரி பத்திரிகைக்கு மேலே தலையை நீட்டினார்.

“டீ குடிக்க,” என்றாள் லேசரம்மா.

கூடத்துக்குத் திரும்பி, தன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். டைரக்டர் உள்ளே சான்றிதழுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். திரையில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன. பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள், காலம் காலமாகப் புள்ளிகளையே பார்த்த கண் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. ஏதோ உறுத்தியது.

ஒரே கல்லில் போட்ட பள்ளங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இல்லையா? இவையோ ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நீண்டு கிடந்தன. கூட்டத்துக்குள்ளே சில, கூட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் சில. ஓரத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பொட்டாசியம் என்ற இடத்தில் கண் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

அவ்வளவு பொட்டாசியமா? பெரிலின் வீட்டில் பொட்டாசியத்துக்கு அவ்வளவு இடமே கிடையாது! ஒண்டிக் குடித்தனம் இருக்கிற ஆசாமி அது, ஊரையே கூட்டிக்கொண்டு வந்து உட்கார முடியாது. இரும்பும் கூடவே ஏறியிருக்கிறது, ருபிடியமும் ஏறியிருக்கிறது, சீசியமும் ஏறியிருக்கிறது. எல்லாம் கைகோத்துக்கொண்டு ஒன்றாக ஏறினால் அது மரகதம் இல்லை. அது...

“காக்காப்...” என்று கத்திவிட இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லேசர் மரகதத்தில் பாயவில்லை. உள்ளே கிடந்த, பொட்டாசியம் மண்டிய காக்காப்பொன் செதில்களின் மேல் பாய்ந்திருக்கிறது! அவள் குறி வைத்தால் கல்லில் எங்கே மாசு மருவில்லாத தெளிவான இடம் என்று தேடி அங்கே வைப்பாள். அவர் யார்? பூதக்கண்ணாடி! தெளிவான இடம் அவருக்கு வெற்றிடம். செதில் மினுக்குகிற இடம்தான் அவருக்குக் கல். திரையில் கல்லின் முகம் வந்ததும் அந்த மனுஷர் பூரித்துப்போனது அதற்குத்தான். கை தானாக அங்கே போய்விட்டது. மெஷினை எந்தக் குறையும் சொல்ல முடியாது. காட்டியதைத்தான் அது எண்ணியிருக்கிறது. காக்காப்பொன் சுரங்கத்து மரகதத்திலும் சீசியமும் இரும்பும் அதிகம் என்பதால் புள்ளிகள் அந்தக் கூட்டத்தில் போய் விழுந்துவிட்டன.

அப்படியென்றால் தம்பி?

அப்படியென்றால் தம்பியின் கல்லை இன்னும் யாருமே விசாரிக்கவில்லை! டைரக்டர் அறையில் பிரிண்டர் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் எல்லாம் குட்டிச்சுவர். அக்கா சொல்லித்தான் மாற்றினார்கள் என்று ஊர் சிரிக்கும். பேசாவிட்டால் தம்பி உள்ளே போவான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது பூதக்கண்ணாடி தன் வெற்றியை ஒரு டம்ளர் டீயோடு கொண்டாடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். லேசரம்மாவுக்கு யோசனை வந்தது.

“சார்,” என்றாள், டைரக்டர் காதிலும் விழுகிற மாதிரி. “லேசர் போட்டதெல்லாம் சரி. பள்ளத்தைப் போட்டோ எடுத்தீங்களா?”

“என்ன போட்டோ?”

“யார் ஓட்டினாலும், எந்தக் கல்லானாலும், ஓட்டி முடிச்சதும் பள்ளத்தை மைக்ராஸ்கோப்பில வெச்சுப் படம் எடுக்கணும். இங்க எல்லாருக்கும் அதான் முறை. நீங்கதான் அந்த வகுப்புல குறட்டை விட்டீங்களே.”

டைரக்டர் கதவருகே வந்து நின்றார். “உங்களைப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.”

“கல்லைப் பத்தி நான் பேசலையே சார். அவர் போட்ட பள்ளத்தைப் பத்திப் பேசறேன். முதல் தடவை ஓட்டறவங்க பள்ளம் எல்லாம் கோணல் மாணலாத்தான் இருக்கும், பரவாயில்லை, பழகினா சரியாயிடும்.”

பூதக்கண்ணாடிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் பள்ளமா கோணல்? ஊசி முனையில குறி வெச்சிருக்கேன்! வாங்க சார், நீங்களே வந்து பாருங்க!” டீயை அங்கேயே வைத்துவிட்டு, கல்லை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் பாய்ந்தார். டைரக்டர் பின்னாலேயே போனார். லேசரம்மா இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து ஓர் அலறல்.

“அய்யய்யோ! அய்யய்யய்யோ!”

வெளியே வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே படார் படாரென்று. “அத்தனையும் செதில் மேல சார்! ஒண்ணு பாக்கி இல்லாம செதில் மேலயே போட்டு வெச்சிருக்கேன்! எத்தனை வருஷமா செதிலைத் தேடித் தேடிப் பாத்த கண்ணு, அது எங்க போகும்? நாம எண்ணினது மரகதத்தை இல்லை, காக்காப்பொன்னை!” பிறகு லேசரம்மா பக்கம் திரும்பி, “அம்மா தாயே, உங்க மெஷின் மேல தப்பே இல்லை. நான்தான் மடையன்,” என்றார். அவரிடம் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் தப்பை மூடி மறைக்கிற புத்தி மட்டும் அவருக்குக் கிடையாது.

டைரக்டர் அச்சடித்த தாளை அப்படியே சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். லேசரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். “நீங்க கேட்டது, இவர் பாத்தது, நாம மறுபடி ஓட்டறது, எல்லாத்தையும் சான்றிதழ்ல எழுதுவேன். நீங்க அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.”

“எழுந்திருக்கவே மாட்டேன் சார்!”

இந்த முறை டைரக்டரே பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் காக்காப்பொன் சுரங்கத்திலிருந்து தாங்களே போய் எடுத்துவந்த கல் ஒன்றை வைத்து ஓட்டினார்கள். புள்ளி தன் கூட்டத்தில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு தம்பியின் கல். செதில் இல்லாத, குமிழி இல்லாத, சுத்தமான இடமாகத் தேடித் தேடிக் குறி வைத்தார்கள். பூதக்கண்ணாடி கண்ணை இடுக்கிக்கொண்டு, தன் சுபாவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு, செதில்களைத் தாண்டித் தாண்டிப் போனது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. லேசரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஒருவேளை சுத்தமான இடமும் காக்காப்பொன் சுரங்கம் என்றே சொல்லிவிட்டால்? அப்போது பேச ஒன்றும் இருக்காது. அவன் பொய் சொன்னான் என்றுதான் ஆகும்.

திரையில் கறுப்புப் புள்ளிகள் வந்து விழ ஆரம்பித்தன.

முதல் புள்ளி விழுந்ததும் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். இரண்டாவது அதன் தோளிலேயே விழுந்தது. மூன்றாவது, நான்காவது, எல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில். காக்காப்பொன் சுரங்கத்தின் கூட்டம் எங்கேயோ இருந்தது. இவை எங்கேயோ இருந்தன. சீசியம் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. வனேடியமோ குரோமியத்தைத் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. சரி, அப்படியானால் இது எந்தச் சுரங்கத்துக் கூட்டம்? சுற்றிலும் பார்த்தாள். சிவப்பு இல்லை, நீலம் இல்லை, மஞ்சள் இல்லை. சுற்றிலும் வெள்ளை. வெறும் வெள்ளை!

“வரைபடத்தோட அச்சை மாத்துங்க!” என்று டைரக்டர் உள்ளே கத்துவது கேட்டது. “இரும்பு வெச்சுப் பாருங்க! லித்தியம் வெச்சுப் பாருங்க!”

இரும்பு வைத்தார்கள்: தனியாக நின்றது. லித்தியம் வைத்தார்கள்: இன்னும் தள்ளிப்போய் நின்றது. பொட்டலத்தில் இருந்த மற்றக் கற்களையும் ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். ஒவ்வொன்றும் வந்து அந்த வெள்ளையிலேயே, முதல் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்தது. ஒரு குடும்பமே புதுமனை புகுந்த மாதிரி இருந்தது.

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. பூதக்கண்ணாடி வயதை மறந்து குதித்தார். “புது ஊர்! புது ஊர் லேசரம்மா! இந்த வெள்ளையில இன்னிக்கு வரைக்கும் ஒரு ஈ காக்கா உக்காந்ததில்லை!” டைரக்டருக்கும் தலைகால் புரியவில்லை, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியின் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். லேசரம்மா நாற்காலியை விட்டு எழவில்லை, சொன்ன சொல் சொல்தான். ஆனால் உட்கார்ந்தபடியே அவள் போட்ட கூச்சலில் கீழ்மாடியிலிருந்து ஆள் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு கையெழுத்து. ஒன்று பூதக்கண்ணாடியுடையது, ஒன்று டைரக்டருடையது. அதிகாரி சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

“அப்போ அவர் புதைக்கலைன்னு சொல்றீங்களா?”

“எங்ககிட்ட இருக்கிற எந்தச் சுரங்கத்துக் கல்லோடயும் இது ஒத்துப்போகலைன்னு சொல்றோம்,” என்றார் டைரக்டர், நிதானமாக.

“புதைக்கணும்னா முதல்ல எங்கேயாவது வாங்கணும் சார்! இதை எந்தக் கடையில போய் வாங்குவார்?” என்றார் பூதக்கண்ணாடி. அவருக்கு நிதானம் எல்லாம் எப்போதோ போய்விட்டது.

அதிகாரி தாளை மடித்துப் பையில் வைத்தார். “பாறையைத் தேட நாங்க ஆள் அனுப்புவோம். கேஸ் எதுவும் இல்லை, சீலும் இல்லை. அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

லேசரம்மா லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் செருப்பு தடதடக்க இறங்கினாள். டீக்கடையில் அவன் இல்லை. மருந்துக் கடை வாசலில் இல்லை. தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில், கையில் பையோடு, வருகிற பேருந்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“டேய்! தோண்டி! நில்லுடா!”

தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

“புது ஊர்டா!” மூச்சு வாங்கியது அவளுக்கு. “உன் கல்லு எந்தச் சுரங்கத்துலயும் சேரலை! யாருமே இல்லாத இடத்துல போய் ஜம்முனு உக்காந்திருக்கு! அங்கேயே பொறந்த கல்லுடா அது! கேஸ் இல்லை, ஒண்ணும் இல்லை!”

தோண்டி பையைக் கீழே போட்டான். அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேருந்து வந்து, நின்று, போயேபோய்விட்டது.

“மெஷின் சொல்லுச்சா?” என்றான் கடைசியில்.

“சொல்லுச்சு.”

“நான் சொன்னப்போ நம்பலை.”

“நம்பலைடா,” என்றாள். மழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. “கூடப் பொறந்தவனை நம்பாம ஒரு புள்ளியை நம்பினேன். எனக்கே என்னைப் பாத்தா அசிங்கமா இருக்கு. மன்னிச்சுக்கோடா.”

தோண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் பழைய சிரிப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். “அட, விடுக்கா. வேற லேபுக்குப் போலாம்னுதான் கூட்டாளிங்க சொன்னாங்க. நான்தான் இங்கேயே வரணும்னு துறைகிட்ட அடம் பிடிச்சேன். நீ எனக்காக ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். நீ இருக்கிற இடத்துல சரின்னு வந்தாத்தான் ஊர் நம்பும். ஆனா நீ அப்படிக் கேட்டதும் தாங்கலைக்கா.”

அவள் அவன் தலைமுடியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவன் செல்போனை எடுத்து எண்களை அழுத்தினான். மணி அடிக்கிறபோதே அதை அக்கா கையில் திணித்துவிட்டான். “என் பொண்டாட்டிதான். டியூட்டில இருப்பா. நீயே சொல்லு. நான் சொன்னா யாரு நம்புவா?”

தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த மலைப் பக்கமே அவள் போனதில்லை; வார்டை விட்டு நகர அவளுக்கு நேரம் ஏது? போனில் ட்ராலி உருளும் சத்தமும் யாரோ இருமும் சத்தமும் கேட்டன. லேசரம்மா மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். சீசியம், வனேடியம், செதில் மேல் விழுந்த பள்ளம், திரையில் வெள்ளை, புது ஊர், அதிகாரி சொன்னது, எல்லாவற்றையும். “அவன் புதைக்கலைம்மா! நிஜமாவே அந்தக் குழியில கிடைச்ச கல்லுதான்! மெஷின்ல போட்டு, மறுபடியும் போட்டு, ஒண்ணுக்கு ரெண்டு தடவையாச் சரி பாத்துட்டோம்!”

“கல்லு கிடைச்ச அன்னிக்கே அவர் சொன்னாரே, அண்ணி,” என்றாள் தம்பி மனைவி. “காலையில வெறும் வயித்தோட கிளம்பினார். ஏதாவது சாப்பிட்டாரா?”

லேசரம்மா போனைத் தம்பியிடம் கொடுத்தாள்.